இளையோர் மனநோயும் நமது கடமையும்

பாடசாலை ஒன்றிலே ஒரு பிள்ளை கால் தடுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கணமே யாது நிகழும்? ஆசிரியர்கள் ஓடி வருவர். முச்சக்கர வண்டியொன்று வாயிலுக்கு வரும். சிறிது நேரத்துள் பிள்ளை வைத்தியசாலையிற் சேர்க்கப்படும். சில நாளின் பின் கையிற் கட்டுடன் அப்பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பே சூழ்ந்து நின்று நலம் விசாரிக்கும். புத்தகப் பையைச் சுமந்துகொடுக்க நான்கு பேர் முன்வருவர்.

அதே பாடசாலையில் இன்னொரு பிள்ளைக்கு மனம் முறிந்துவிட்டால் யாது நிகழும்? "சோம்பல்" என்பார் ஆசிரியர். "திமிர்" என்பார் தந்தையார். "கண்ணூறு" என்பார் பாட்டியார். "விசர்" என்பர் உடன் பயிலும் மாணாக்கர். இந்நான்கு பெயர்களுள் ஒன்றேனும் அந்நோயின் பெயரன்று. பெயரே பிழைத்துவிட்டபின் மருந்து எங்ஙனம் பொருந்தும்?

நான் வைத்தியன் அல்லேன். கலைப்பட்டதாரி ஒருவன். இளமை முதற்கொண்டு பாடசாலையே உலகமாக வாழ்ந்து, இன்று அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராக இருப்பவன். மனநோய் பற்றிப் பேசும் தகுதி உனக்கு ஏது என்று நீங்கள் வினவலாம். அந்த வினாவுக்கு என்னிடம் உள்ள விடை ஒன்றே. இவ்விடயத்திற் பெரும் பிழை ஒன்றைச் செய்து, அப்பிழையினால் ஓரளவு கற்றுக்கொண்டவன் நான். அதனையே முதலிற் கூறிவிடுகின்றேன்.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், வட மாகாணத்துப் பாடசாலை ஒன்றிலே உயர்தர வகுப்புக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். அவ்வகுப்பிலே கணிதப் பிரிவில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டியதில்லை. கரும்பலகையிற் கணக்கை எழுதி முடிக்குமுன்னரே விடையைக் கூறிவிடுவான். பொறியியற் பீடத்துக்குச் செல்வான் என்பதில் எங்களில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இரண்டாம் தவணையில் அவன் முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்குச் சென்றான். வினாவினால் விடை வருவதில்லை. சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். வெள்ளைச் சட்டை அழுக்கேறியிருக்கும், தலை சீவப்படாதிருக்கும். தன்னைப்பற்றி மற்றவர்கள் ஏதோ பேசுகின்றார்கள் என்று உற்ற நண்பனுடனேயே சண்டையிட்டான். தவணைப் பரீட்சையில் அவன் பெற்ற புள்ளிகளைக் கண்டபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. வகுப்பு முழுவதும் கேட்க அவனை எழுப்பி நிறுத்தி, "திறமை இருந்தும் சோம்பலினால் அழிகின்றவன் நீ" என்று வைதேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

ஒரு வாரத்தின் பின் அவனுடைய தாயார் என்னைக் காண வந்தார். "ஐயா, பிள்ளை முந்தியைப்போல இல்லை. இரவிரவாய் நித்திரை இல்லை. தனிய இருந்து கதைக்கிறான். எனக்குப் பயமாய்க் கிடக்குது" என்றார். நான் கூறிய விடை இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. "அம்மா, நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள். கண்டித்து வளருங்கள், எல்லாம் சரிவரும்" என்றேன். அந்த அம்மையார் தலை குனிந்தவாறே வெளியே சென்றார். அடுத்த மாதம் பையன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன். சாத்திரம் பார்த்தார்கள். நூல் கட்டினார்கள். செய்வினை கழித்தார்கள். ஒரு கலியாணத்தைச் செய்துவைத்தால் எல்லாம் மாறும் என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினாராம். இவ்வாறே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஈற்றிலே கிராமத்துக் குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவருடைய வற்புறுத்தலினால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் சென்றார்கள். சில மாதச் சிகிச்சையின் பின் அவன் மெல்ல மெல்லத் தேறினான்.

இன்று அவருக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது; ஆகலின் "அவர்" என்று கூறுவதே முறை. சிறு கடை ஒன்றை நடத்துகின்றார். மாதந்தோறும் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று மருந்து பெறுகின்றார். சில ஆண்டுகளுக்கு முன்னர் நானே அவருடைய கடைக்குச் சென்று, அன்று வைததற்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்தார். "அந்த நாளில் நீங்கள் பேசினது எனக்குக் கேட்கவே இல்லை, ஐயா. வேறு குரல்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தன" என்றார்.

நேயர்களே, அந்த ஒரு வாக்கியம், பட்டப்படிப்பும் ஆசிரிய பயிற்சியும் கற்பிக்காத ஒன்றை எனக்குக் கற்பித்தது. நான் சோம்பல் என்று கண்டது ஒரு நோயின் தொடக்கம். அன்று அந்தத் தாயாரை நான் வைத்தியரிடம் அனுப்பியிருந்தால், அவர் இழந்த இரண்டு ஆண்டுகளை இழந்திருக்கமாட்டார். இவ்வகை நோய்களிலே சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீளக் குணமடைதல் கடினமாகின்றது என்பது இன்று மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. நாம் தவறான பெயரிட்டு அழைக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் கணக்கிலேதான் செலவாகின்றது.

இந்நோய் அரிதான ஒன்றோ? அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 வயது முதல் 19 வயது வரையுள்ள இளையோருள் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒருவகை மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர். உலகக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துதல் முறையன்று. ஆயினும் முப்பத்தைந்து பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அவர்களுள் மூவரோ நால்வரோ ஐவரோ எவருக்கும் கூறாமல் ஒரு சுமையைச் சுமந்துகொண்டு அமர்ந்திருத்தல் கூடும். மேலும், மனநோய்களுட் பாதியளவு 18 வயது நிறையுமுன்னரே தலைகாட்டிவிடுகின்றன. அஃதாவது, நோய் தொடங்கும் இடம் பெரும்பாலும் நமது பாடசாலையே; நமது வீடே.

"எங்கள் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவா? இக்காலப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை" என்று முதியோர் பலர் கூறக் கேட்டிருக்கின்றேன். அவர்களுக்கு ஒரு கணக்கைப் பணிவுடன் நினைவூட்ட விரும்புகின்றேன். 1995ஆம் ஆண்டிலே இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற விகிதத்தில் மக்கள் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிகவுயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக அஃது இருந்தது. இளைஞரும் அக்கணக்கிற் பெருந்தொகையினர். நம் காலத்திலும் நோய் இருந்தது. நாம் அதனைப்பற்றிப் பேசவில்லை என்பதே வேறுபாடு.

அக்கணக்கின் மறுபக்கம் நமக்கு நம்பிக்கை தருவது. 1984ஆம் ஆண்டு முதலாக அரசாங்கம் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பீடைகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்து வந்தது. 1995இலும் 1998இலும் 2008ஐ அடுத்த ஆண்டுகளிலும் மேலும் பல தடைகள் வந்தன. அதன் பயனாக, 2005ஆம் ஆண்டளவில் அந்த மரண விகிதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது, பின்னரும் குறைந்தது. பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன. இதனின்று நாம் அறிவது யாது? உயிரை மாய்க்கும் எண்ணம் பெரும்பாலும் ஒரு கொடிய பொழுதில் எழுந்து, பின்னர் தணிவது. அப்பொழுதைக் கடந்துவிட்டால் மனிதன் வாழ்கின்றான். இத்தகைய மரணத்தை விதி என்று கூறிக் கைவிடுதல் அறியாமை. இன்னொன்றும் உண்டு. 1998ஆம் ஆண்டு வரையில், உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரை நமது தண்டனைச் சட்டக்கோவை குற்றவாளி என்றே கருதியது. சட்டம் அவ்வாண்டிலே தன் பிழையைத் திருத்திக்கொண்டது. சமூகமாகிய நாம் திருத்திக்கொண்டோமா?

இனி, இந்நோய்களை எவ்வாறு இனங்காண்பது என்று பார்ப்போம். பழந்தமிழர் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளனர். தொல்காப்பியத்திலே மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. உள்ளத்தில் நிகழ்வது உடலின்கண் தோன்றும் என்பதே மெய்ப்பாடு என்ற சொல்லின் கருத்து. செய்யுளைச் சுவைப்பதற்காகக் கூறப்பட்ட அவ்விலக்கணம், பிள்ளையின் முகத்தைப் படிக்கவேண்டிய ஆசிரியனுக்கும் பெற்றாருக்கும் பெரிதும் பொருந்தும். நமது சித்த வைத்தியரும் மனநோய்களைக் கிரிகை எனப் பெயரிட்டு, நோயாகவே எண்ணி மருந்து கூறினர். ஆகலின், மனநோயை நோயென்று கொள்ளுதல் மேனாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பித்த பாடமும் அன்று.

துயரம் வேறு, நோய் வேறு. பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளை இரண்டு நாள் அழுவது இயல்பு. அன்புக்குரியவரை இழந்த பிள்ளை பல மாதம் வாடியிருப்பதும் இயல்பே. ஆனால், இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனச்சோர்வு நீங்காதிருத்தல். முன்னர் விரும்பிய விளையாட்டும் பாட்டும் நட்பும் கசந்துபோதல். உறக்கமும் உணவும் மிகக் குறைதல் அன்றி மிக மிகுதல். படிக்க அமர்ந்தும் ஒரு பக்கமேனும் மனத்திற் பதியாதிருத்தல். "நான் எதற்கும் உதவாதவன்" என்று அடிக்கடி கூறுதல் ஆகியவை சேர்ந்து வருமாயின் அது மனச்சோர்வு நோயாகலாம். காரணமின்றி நெஞ்சு படபடத்தல், பாடசாலை செல்லும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி என்று வருந்துதல் என்பன பதற்ற நோயின் அறிகுறிகளாகலாம். பிறர்க்குக் கேளாத குரல் தனக்குக் கேட்பதாகவும், எல்லாரும் தனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாகவும் ஒரு பிள்ளை கூறுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. இளையோரிடத்து மனச்சோர்வு சில வேளைகளிலே கோபமாகவும் எரிச்சலாகவும் தோன்றும். திமிர் என்று நாம் எண்ணுவது அதுவாகவும் இருக்கலாம்.

காரணங்கள் பல. பரம்பரை ஒன்று, மூளையின் இயக்கத்தில் நேரும் மாறுதல் ஒன்று, வாழ்வில் நேரும் அடிகள் ஒன்று. நமது மக்கள் பட்ட அடிகளை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரும், 2020இலும் 2021இலும் பாடசாலைகள் பூட்டிக்கிடந்த காலமும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் அடுத்தடுத்து வந்தன. போர் முடிந்தபின் பிறந்த பிள்ளைகள் இன்று நமது மேல்வகுப்புகளிலே கற்கின்றனர். அவர்கள் குண்டொலியைக் கேட்டவர் அல்லர். ஆயினும், பேசப்படாத துயரம் நிறைந்த வீடுகளிலே வளர்ந்தவர் பலர். சுவரிலே படமாகத் தொங்கும் மாமனாரைப்பற்றி எவரும் பேசாத வீட்டிலே, பிள்ளை தன் துயரத்தைப்பற்றி மட்டும் எப்படிப் பேசும்?

இவற்றுடன் நாமே சுமத்தும் சுமையும் ஒன்று உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையில் தொடங்கி, சாதாரண தரம், உயர்தரம் என்று ஏறிச் செல்லும் பந்தயத்திலே பிள்ளை ஓடுகின்றது. காலையில் தனியார் வகுப்பு, பகலிற் பாடசாலை, மாலையில் மீண்டும் தனியார் வகுப்பு. பெறுபேறு வெளியாகும் நாளில் சித்தியடைந்தோரின் படங்களை வாயிலிலே பதாகையாகக் கட்டுகின்றோம். பதாகையில் இடம்பெறாத பிள்ளையும் அதே வாயிலாற்றான் செல்கின்றது என்பதை நாம் எண்ணுவதில்லை. இக்குற்றத்தில் அதிபர்களாகிய எமக்கும் பங்குண்டு.

இனி, நாம் செய்யத்தக்கன மூன்று. காணுதல், கேட்டல், சேர்ப்பித்தல் என்று அவற்றைச் சுருக்கமாகக் கூறலாம்.

காணுதல் என்பது மாறுதலைக் காணுதல். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குச் சென்ற பிள்ளையைப் பார்த்து, "ஏன் சென்றாய்?" என்று தண்டிக்கும் குரலில் அன்றி, அன்புக் குரலில் தனியே வினவுதல்.

கேட்டல் என்பது எளிதுபோலத் தோன்றும், மிகக் கடினமானது. பிள்ளை ஒரு வாக்கியம் கூறியதும் நாம் ஒன்பது வாக்கியம் புத்தி கூறிவிடுகின்றோம். அங்ஙனமன்றி, இடைமறியாது கேட்டல் வேண்டும். "சாக வேண்டும்போல் இருக்கிறது" என்று பிள்ளை கூறினால் அதட்டுதலும் ஆகாது; நகைத்தலும் ஆகாது; வெறும் பேச்சென்று தள்ளுதலும் ஆகாது. அத்தகைய எண்ணம் உண்டோ என்று நாமே வெளிப்படையாக வினவினால், இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டியதில்லை. மனந்திறந்து வினவுதல் பிள்ளைக்கு ஆறுதலையே தரும் என்று வைத்தியர் கூறுவர். அந்த வேளையிலே பிள்ளையைத் தனியே விடாது உடனிருத்தலும், வீட்டிலுள்ள மருந்துகளையும் பீடைகொல்லிகளையும் எட்டாத இடத்திற் பூட்டிவைத்தலும் உயிர்காக்கும் செயல்கள்.

சேர்ப்பித்தல் என்பது உரியவரிடம் சேர்ப்பித்தல். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பாராயின் அவரிடம் தொடங்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள போதனா வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. ஏனைய மாவட்டங்களின் அரசாங்க வைத்தியசாலைகளிலும் மனநலச் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. கட்டணம் எதுவும் இல்லை. வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்குவோர் 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம்.

சிகிச்சை என்றால் மாத்திரை மட்டும் என்று எண்ணவேண்டாம். பல பிள்ளைகளுக்கு உளவளத்துணையே போதும். சிலருக்கு மருந்தும் வேண்டும். மனச்சோர்வுக்குரிய மருந்து பயன் காட்டச் சில வாரங்கள் செல்லும். நான்கு நாளிற் குணமில்லை என்று நிறுத்துவதும், சற்றுக் குணம் கண்டதும் வைத்தியரைக் கேளாது நிறுத்துவதும் தீங்கு பயக்கும். கோயிலுக்குச் செல்ல வேண்டாமோ என்று கேட்பீர்கள். தாராளமாகச் செல்லுங்கள். கைமுறிந்த பிள்ளைக்காக நேர்த்திக்கடன் வைக்கும் தாய், கட்டுப் போடாமல் இருப்பதில்லை. அதே முறையை இங்கும் கைக்கொள்வோம்.

இவற்றுக்கெல்லாம் குறுக்கே நிற்பது ஒரு சொல். அதுதான் "விசர்" என்னும் சொல். கோபம் வந்தால் "உனக்கென்ன விசரோ?" என்கின்றோம். வேடிக்கையாக "இவனை அங்கொடைக்கு அனுப்பவேண்டும்" என்கின்றோம். அங்கொடை என்பது மனிதர் நோய் தீரச் செல்லும் ஒரு வைத்தியசாலை அமைந்த ஊர். அவ்வூரின் பெயரையே வசையாக்கிய நாம், நோயுற்ற பிள்ளை தானே முன்வந்து வாய்திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு? "வெளியே தெரிந்தால் தங்கைக்குக் கலியாணம் பேச முடியாதே" என்று நோயை மறைக்கும் பெற்றாரை நான் குறை கூறேன். அவர்களை அஞ்சவைத்த அயலவர் நாமே அல்லவா?

முடிவாக ஒன்று. சில காலத்துக்கு முன் எங்கள் பாடசாலையிலே பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்த இளம் ஆசிரியை, அதன் கடைசிப் பக்கத்திலே சில வரிகளைக் கண்டார். வாழ்வில் வெறுப்புற்ற வரிகள். அவர் அதனை வகுப்பிலே படிக்கவும் இல்லை. மாணவியை வையவும் இல்லை. இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவளுடன் அமர்ந்து கேட்டார். பெற்றாரை அழைத்துப் பேசினோம். அந்த வாரத்திலேயே சிகிச்சை தொடங்கியது. அவள் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை; மறுவருடம் எழுதினாள். ஒரு வருடம் பிந்தியதனால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. இன்று உயர்தர வகுப்பிலே கற்கின்றாள்.

எனது பழைய மாணவருக்கு நான் செய்யத் தவறியதை, அந்த ஆசிரியை ஓர் இடைவேளைப் பொழுதிலே செய்து முடித்தார். அதற்குப் பெரும் படிப்போ பெரும் பணமோ வேண்டியிருக்கவில்லை. நோயை நோயென்று அறியும் கண்ணும், பொறுமையுடன் கேட்கும் செவியுமே வேண்டியிருந்தன. இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளை உணவுக்கு அமரும்போது, புள்ளிகளைப்பற்றிக் கேளாமல், "எப்படி இருக்கிறாய், பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டபின் விடை வரும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.